பதினொன்றால் பார்க்காத ஓர் எண்

போன மாதம் எங்கள் பழைய ஆய்வகத்திலிருந்து கவிதா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு என் நாற்காலிக்கு வந்த பெண். கணினி ஒரு எண்ணை ஏற்க மாட்டேன் என்கிறதாம், ‘தவறான எண்’ என்று சிவப்பில் காட்டுகிறதாம். சரியாகத்தான் அடித்தேன் என்று அவளும் இரண்டு முறை சண்டை போட்டிருக்கிறாள். கடைசியில் சீட்டை எடுத்துப் பார்த்தால் நடுவில் இரண்டு இலக்கம் இடம் மாறியிருந்ததாம். “அதுக்கு எப்டி சார் தெரியுது? நான் இன்னும் அந்த ஆளு பேரக்கூட அடிக்கலியே” என்று கேட்டாள்.

இப்போதெல்லாம் எண்ணின் கடைசியில் ஒரு இலக்கத்தைக் கூடுதலாகச் சேர்க்கிறார்கள் என்று சொன்னேன். முன்னால் இருக்கிற இலக்கங்களை ஒரு முறைப்படி பெருக்கிக் கூட்டினால் அந்தக் கடைசி இலக்கம் வர வேண்டும். வராவிட்டால் எங்கோ கை தவறியிருக்கிறது. ஆள் யார், ஊர் எது என்றெல்லாம் கணினிக்குத் தெரியாது. எண் தனக்குள்ளேயே ஒத்துப்போகிறதா என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். கவிதாவுக்கு ஒரே சந்தோஷம். அந்தக் காலத்தில் இதெல்லாம் இல்லாமல் எப்படிச் சமாளித்தீர்கள், ஆபீஸ் மலருக்கு ஒரு கட்டுரை எழுதிக் கொடுங்கள் சார் என்றாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்து போனை வைத்துவிட்டேன். பாவம், அவள் என்ன செய்வாள், அவளுக்கு என்ன தெரியும். நாங்கள் சமாளிக்கவில்லை என்பதைத்தான் இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன். மலரில் போடுவதும் போடாததும் அவர்கள் விருப்பம்.

712041632. எழுபத்தொரு கோடியே இருபது லட்சத்து நாற்பத்தோராயிரத்து அறுநூற்று முப்பத்திரண்டு. என் மனைவியின் செல்போன் எண் எனக்கு இன்னும் மனப்பாடம் ஆகவில்லை, அதற்கு வாரம் ஒரு முறை வாங்கிக் கட்டிக்கொள்கிறேன். இந்த எண் மட்டும் மறக்க மாட்டேன் என்கிறது. காலையில் காபி குடித்ததும் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு இதை வகுத்துப் பார்க்கிறேன். இரட்டை எண். பாதியாக்கினால் 356020816. அதுவும் பாதியாகும். இப்படி ஐந்து முறை பாதியாக்கலாம். ஐந்தாவது முறை 22251301 என்று நின்றுவிடும். அதற்கு மேல் அது யாருக்கும் மசியாது. மூன்றால் வகுபடாது, ஏழால் வகுபடாது. பதினொன்று, பதின்மூன்று, பதினேழு என்று நூற்றுக்குள் இருக்கிற பகா எண்கள் அத்தனையாலும் வகுத்துவிட்டேன், மீதி இல்லாமல் ஒன்றாலும் போகவில்லை. இப்போது நூறைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறேன். போனில் தட்டினால் ஒரு நொடியில் சொல்லிவிடும் என்கிறான் என் மகன். எனக்கு அவசரமில்லை. அவசரப்பட்டதெல்லாம் போதும்.

நான் கணக்குப் புலி கிடையாது. களமருதூரில் அப்பாவும் அம்மாவும் கூலிக்கு நாற்று நட்டார்கள், நான் பிளஸ் டூவில் தட்டுத்தடுமாறித் தேறினேன். ஒரு வருடம் பயிற்சி முடித்து, கள்ளக்குறிச்சியில் சளிப் பரிசோதனை ஆய்வகம் ஒன்றில் உதவியாளராகச் சேர்ந்தேன். கள்ளக்குறிச்சி அப்போது மாவட்டம் இல்லை. ஆய்வகத்தின் பெயரை எழுதப் போவதில்லை, தப்பு என்னுடையது, கட்டடத்துடையது அல்ல. காசநோய் இருக்கிறதா என்று பார்க்க சளி வரும். அதைக் கண்ணாடித் தகட்டில் தடவி, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். பார்ப்பது என் வேலை இல்லை. டப்பா வந்தால் பதிவேட்டில் எண்ணை ஏற்றுவது, தகட்டில் எண்ணைக் கீறுவது, முடிவு வந்ததும் அந்த எண்ணை எடுத்து எழுதி அனுப்புவது. ஒரு எண் எங்கள் கையில் மூன்று இடத்துக்கு மாறும், மூன்று இடத்திலும் பிசகலாம்.

எங்களுக்கு மேற்பார்வையாளர் தனகோடி அம்மா. மணலூர்பேட்டைக்காரர், கணிதம் படித்துவிட்டு எப்படியோ இந்தச் சளி டப்பாக்களுக்கு நடுவில் வந்து சேர்ந்தவர். குரலை உயர்த்திப் பேசி நான் பார்த்ததே இல்லை. பதிவேட்டை வாங்கி வைத்துக்கொண்டு, பெயர்கள் இருக்கிற பத்தியை ஒரு மர ஸ்கேலால் மூடிவிடுவார். எண்கள் மட்டும் தெரியும். பெயரைப் பார்த்தால் கண் தனக்குத் தெரிந்ததைப் படித்துக்கொள்ளும், எண்ணைப் படிக்காது என்பார். பென்சிலின் பின்பக்கத்தால் ஒவ்வொரு இலக்கமாகத் தொட்டுக்கொண்டு போவார். தப்பு இருந்தால் பக்கத்தில் ஒரு சின்னப் புள்ளி வைத்து, பதிவேட்டை நம் பக்கம் தள்ளிவிட்டு, டம்ளரை எடுத்து டீயைக் குடிப்பார். அவ்வளவுதான் திட்டு. அந்தப் புள்ளிக்கு நான் பயந்ததுபோல் எங்கள் அப்பாவின் கைக்குக்கூடப் பயந்ததில்லை.

அவர் எங்களுக்கு இரண்டு சோதனை வைத்திருந்தார். எண்ணை எங்கே எழுதினாலும் பக்கத்தில் இரண்டு சின்ன எண் எழுத வேண்டும். ஒன்று, அந்த எண்ணை ஒன்பதால் வகுத்தால் வரும் மீதி. இன்னொன்று, பதினொன்றால் வகுத்தால் வரும் மீதி. வகுக்கத் தேவையில்லை, குறுக்கு வழி உண்டு. ஒன்பதுக்கு இலக்கங்களைக் கூட்டினால் போதும். அதிலும் ஒன்பது வரும் ஜோடிகளை அடித்துத் தள்ளிவிடலாம். 712041632இல் ஏழும் இரண்டும் ஒன்பது, அடி. ஆறும் மூன்றும் ஒன்பது, அடி. மிச்சம் ஒன்று, சுழி, நான்கு, ஒன்று, இரண்டு. கூட்டினால் எட்டு. பழகிவிட்டால் கண் இமைக்கும் நேரத்தில் வந்துவிடும். பதினொன்றுக்குத்தான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். வலது ஓரத்திலிருந்து ஒன்றுவிட்டு ஒன்றாகக் கூட்டு. இரண்டு, ஆறு, நான்கு, இரண்டு, ஏழு, மொத்தம் இருபத்தொன்று. விட்டுப்போனதைத் தனியாகக் கூட்டு. மூன்று, ஒன்று, சுழி, ஒன்று, மொத்தம் ஐந்து. கழித்தால் பதினாறு. அதில் பதினொன்று போனால் ஐந்து. ஆக அந்த எண்ணுக்குப் பக்கத்தில் எட்டு, ஐந்து.

புதிய இடத்தில் எண்ணை எழுதியதும், எழுதிய எண்ணை வைத்து இரண்டையும் புதிதாகப் போட வேண்டும். பழைய இடத்தில் இருப்பதோடு ஒத்துவந்தால் எண் பிசகவில்லை. ஒன்பது ஒன்றே போதாதா அம்மா என்று சேர்ந்த புதிதில் ஒரு நாள் கேட்டேன். அவர் 63 என்று எழுதினார், பக்கத்தில் 36 என்று எழுதினார். இரண்டையும் ஒன்பதால் பார் என்றார். இரண்டிலும் மீதி இல்லை. இலக்கங்கள் இடம் மாறினால் கூட்டுத்தொகை மாறாது, அதனால் ஒன்பதுக்குத் தெரியாது. இலக்கம் இடம் மாறிய இரண்டு எண்களைக் கழித்தால் விடை எப்போதுமே ஒன்பதால் வகுபடும், எத்தனை கோடியில் இருந்தாலும் சரி. பதினொன்றுக்கு அப்படி இல்லை. அதில் ஒரு இடம் கூட்டலுக்கு, அடுத்த இடம் கழித்தலுக்கு. பக்கத்துப் பக்கத்து இலக்கம் மாறினால் அது காட்டிக்கொடுத்துவிடும். மனுஷன் கை தவறுவது பாதி நேரம் இப்படி இடம் மாற்றித்தான், அதனால் பதினொன்றை விடாதே என்று சொன்னார். புரிந்தது. நன்றாகவே புரிந்தது. புரியாமல் செய்த தப்பு என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்து ஏழெட்டு வருடம் ஆனபோது கல்வராயன் மலையில் ஊர் ஊராக முகாம் போட்டார்கள். வெள்ளிமலையையும் தாண்டிப் போகிற ஒரு ஊர், பேர் வேண்டாம். இருமல் இருப்பவர், இல்லாதவர் எல்லோரும் ஆளுக்கொரு டப்பாவில் துப்பிக் கொடுத்தார்கள். அந்த ஊரில் பெயரை வைத்து ஆளைப் பிடிக்க முடியாது. இரண்டாவதாகப் பெண் பிறந்தால் சின்னப்பொண்ணு என்று கூப்பிட ஆரம்பிப்பார்கள், அதுவே பெயராகி, ரேஷன் கார்டிலும் ஏறிவிடும். அதனால் வீட்டுக்கு வீடு ஒரு சின்னப்பொண்ணு. ஊருக்குள் அவர்களைப் புருஷன் பெயரைச் சேர்த்துத்தான் பிரிப்பார்கள். அண்ணாமலை வீட்டுச் சின்னப்பொண்ணு, பொன்னுசாமி வீட்டுச் சின்னப்பொண்ணு என்று. எங்களுக்கு அது சரிப்படாது என்று ஆளுக்கு ஒரு எண் கொடுத்தார்கள். முதல் இரண்டு இலக்கம் வட்டாரம், 71. அடுத்த மூன்று ஊர், 204. அடுத்த மூன்று வீட்டு எண். கடைசி இலக்கம் அந்த வீட்டில் எத்தனையாவது ஆள் என்பது. குடும்பத் தலைவர் ஒன்று, அவர் மனைவி இரண்டு.

அண்ணாமலையின் வீடு 163. பொன்னுசாமியின் வீடு 136. இரண்டு வீட்டிலும் மனைவி பெயர் சின்னப்பொண்ணு. இரண்டு பேருக்கும் முப்பதை ஒட்டிய வயசு. இப்போது எழுதும்போது எல்லாம் பளிச்சென்று தெரிகிறது.

அன்று மலையிலிருந்து இருநூறு டப்பாவுக்கு மேல் வந்திருந்தது. ஒரு வாரம் இழுத்துப் பிடித்துத் தகடுகளைப் பார்த்து முடித்தார்கள். நோய் இல்லை என்றால் தாள் அனுப்ப மாட்டோம், இருக்கிறது என்றால் மட்டும் ஒரு சின்னச் சிவப்புத் தாள் போகும். அதில் எண்ணும் பெயரும் மட்டும்தான். புருஷன் பெயர், வீட்டு விவரம் எதுவும் இருக்காது. யாருக்கு நோய் என்று வழியில் நாலு பேர் படித்துவிடக் கூடாது என்று அப்படி வைத்திருந்தார்கள். நல்ல எண்ணத்தில் வைத்ததுதான். ஒன்பது பேருக்கு நோய் இருந்தது. ஒன்பது தாள் நான் எழுதினேன். ஆறாவதோ ஏழாவதோ, பதிவேட்டில் 712041632 என்று இருந்ததை 712041362 என்று எழுதினேன்.

எழுதியதும் ஒன்பது பார்த்தேன். எட்டு. பதிவேட்டிலும் எட்டு. ஆறையும் மூன்றையும் சேர்த்து அடித்துத் தள்ளுவது பழக்கமாகிவிட்டதால், எது முன்னால் எது பின்னால் என்று கண் பார்க்கவே இல்லை. பதினொன்று போட வேண்டும். மணி நாலே முக்கால். ஐந்து மணிக்கு உளுந்தூர்பேட்டைக்கு ஒரு பஸ் உண்டு, அது கள்ளக்குறிச்சியிலேயே புறப்படுவதால் உட்கார இடம் கிடைக்கும். அடுத்த பஸ் ஐந்தரைக்கு, வரும்போதே நிரம்பி வரும். வீட்டில் யாருக்கும் உடம்பு முடியாமல் இல்லை, விசேஷம் எதுவும் இல்லை. உட்கார்ந்து போக வேண்டும், அவ்வளவுதான். பதிவேட்டில் பதினொன்றின் கீழ் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்த்து, ஐந்து என்று இருந்ததை அப்படியே ஐந்து என்று எழுதினேன். கடைசி நாலு தாளுக்கும் அப்படித்தான் செய்தேன். மற்ற மூன்றிலும் எண் சரியாக இருந்ததால் ஒன்றும் ஆகவில்லை. அன்று பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்துகொண்டு போனேன்.

சிவப்புத் தாள் மலைக்குப் போனது. களப்பணியாளர் வீட்டு எண் 136ஐத் தேடிப் போனார், மனைவி பெயர் சின்னப்பொண்ணு என்று கேட்டார், ஆமாம் என்றார்கள். எல்லாம் ஒத்துப்போனது. அந்த அம்மாள் எனக்கு இருமலே இல்லையே என்று சொல்லியிருக்கிறார். சிலருக்கு வெளியே தெரியாது என்று களப்பணியாளர் விளக்கிவிட்டு வந்திருக்கிறார், அதுவும் உண்மைதான். மாத்திரைப் பெட்டி ஒன்று அவர் பெயரில், 712041362 என்ற எண்ணில் போனது. ஆறு மாதத்துக்கானது, வாராவாரம் அதிலிருந்து ஒரு அட்டை அவர் கைக்குப் போகும். இரண்டு மாதம் கழித்து அவர் சளியை மறுபடி பார்த்தோம், கிருமி இல்லை. மருந்து நன்றாக வேலை செய்கிறது என்று நானே பதிவேட்டில் ஏற்றினேன். சந்தோஷமாகக்கூட இருந்தது.

நாலு மாதம் கழித்து, ஒரு திங்கட்கிழமை காலை, மலையிலிருந்து ஒருவர் மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்தார். கூட்டிக்கொண்டு என்பது சரியில்லை, பாதி தூக்கிக்கொண்டுதான் வந்தார். அவர்தான் அண்ணாமலை. ரத்தமாக இருமுகிறாள் என்றார். முகாமில் பார்த்தார்களா என்று கேட்டேன். பார்த்தார்கள், சிவப்புச் சீட்டு வரவில்லை, அதனால் வெறும் சளிதான் என்று கச்சிராயபாளையம் பக்கம் கரும்பு வெட்டப் போய்க்கொண்டிருந்தோம் என்றார். முகாமில் கொடுத்ததென்று அவர் நீட்டிய அட்டையில் 712041632 என்று இருந்தது. டப்பாவை வாங்கி வைத்தேன். ஒரு மணி நேரத்தில் முடிவு வந்தது. தகடு முழுக்கக் கிருமி என்று மைக்ராஸ்கோப்பில் இருந்தவர் சொன்னார்.

தனகோடி அம்மா பழைய பதிவேட்டைக் கேட்டார். முகாமில் நோய் இல்லை என்று ஆன ஆளுக்கு நாலு மாதத்தில் இவ்வளவு எப்படி என்று அவருக்குச் சந்தேகம். பெயர்ப் பத்தியை ஸ்கேலால் மூடிக்கொண்டு எண்ணைத் தேடினார். 712041632, எட்டு, ஐந்து, அதற்கு நேரே ‘உண்டு’ என்று இருந்தது. நிமிர்ந்து என்னைப் பார்க்கவில்லை. சிவப்புத் தாள்களின் நகல் கட்டை எடுத்து ஒவ்வொன்றாகத் திருப்பினார். 712041362, எட்டு, ஐந்து. பென்சிலின் பின்பக்கத்தால் ஒன்றுவிட்டு ஒன்றாகத் தொட்டுக்கொண்டு போனார். இரண்டு, மூன்று, நான்கு, இரண்டு, ஏழு, பதினெட்டு. ஆறு, ஒன்று, சுழி, ஒன்று, எட்டு. பதினெட்டில் எட்டு போனால் பத்து. அங்கே பத்து என்று இருக்க வேண்டும். நான் எழுதியிருந்தது ஐந்து. பிசகான எண்ணுக்குச் சரியான எண்ணின் மீதி. கணக்குப் போட்டு அது வரவே வராது, பார்த்து எழுதினால்தான் வரும்.

“இது நீ போட்டதா, பாத்து எழுதினதா?” என்று கேட்டார்.

“பாத்து எழுதினதும்மா” என்றேன்.

ஐந்துக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்தார். டீ டம்ளரைத் தொடவில்லை. எழுந்து வார்டுக்குப் போய்விட்டார்.

அண்ணாமலையின் மனைவிக்கு அன்றே மருந்து ஆரம்பித்தார்கள். நான் தினமும் போய்ப் பார்த்தேன். யார், எதற்கு வருகிறேன் என்று அவர்களுக்குத் தெரியாது. ஆபீஸ் சார் வந்து வந்து பார்க்கிறாரே என்று அந்த மனுஷனுக்கு என்மேல் மரியாதை. ஒரு நாள் எனக்கு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். அந்த அம்மாள் பேசக்கூட முடியாமல் கிடந்தார், எலும்புதான் மிச்சம். மாத்திரையை நர்ஸ் வாயில் போட்டால் தொண்டையில் இறங்காது, அரைத்துக் கரைத்துக் கொடுத்தார்கள். பதினோராம் நாள் மத்தியானம் இறந்துபோனார். நாலு மாதத்துக்கு முன்னால் அந்த மாத்திரை அவருக்குப் போயிருந்தால் பிழைத்திருப்பார். டாக்டர் என்னிடம் அதை மறைக்காமல் சொன்னார். நானும் இங்கே மறைக்கவில்லை. பஸ்ஸில் உட்கார ஒரு இடத்துக்காக ஒரு உயிர் போனது. இதைவிட நாசூக்காகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

எனக்கு மெமோ வந்தது, விசாரணை நடந்தது, தண்டனையும் வந்தது. அதையெல்லாம் எழுதி யாருக்கு என்ன பயன். அன்றிலிருந்து ஓய்வு பெற்ற நாள்வரை என் கைக்கு வந்த ஒவ்வொரு எண்ணையும் பதினொன்றால் பார்த்தேன். பஸ் டிக்கெட் எண்ணைக்கூடப் பார்த்தேன், இப்போதும் பார்க்கிறேன். அந்த இரண்டு எண்களையும் கழித்தால் 270. ஒன்பதால் வகுத்தால் முப்பது, மீதி இல்லை. சரியான எண் ஐந்து முறை பாதியாகும், பிசகான எண் ஒரே முறைதான் பாதியாகும். மூன்றாம் வகுப்புக் குழந்தை பாதியாக்கிப் பார்த்திருந்தாலும் இரண்டும் வேறு வேறு என்று தெரிந்திருக்கும். ஒன்பது ஒன்றுதான் இரண்டையும் ஒன்று என்று சொன்னது, நான் அதை மட்டும் கேட்டேன்.

இறந்த மூன்றாம் நாள் தனகோடி அம்மா என்னை மலைக்குக் கூட்டிப் போனார். பொன்னுசாமி வீட்டில் மாத்திரையை நிறுத்தச் சொல்லி உத்தரவு அப்போதுதான் வந்திருந்தது, அதற்குக் களப்பணியாளரிடம் சொல்லியனுப்பினால் போதும். போய்ச் சொல்வதுதான் முறை என்றார் அம்மா. பஸ் கச்சிராயபாளையத்தைத் தாண்டியது, அணை தெரிந்தது. மலை ஏற ஆரம்பித்ததும் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார். “ஏழுமல, நகல்ல கீழ கையெழுத்து என்னுது. நானும் அன்னிக்கு ஒம்போதுதான் பாத்தேன்.” பதினொன்றை விடாதே என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர். அடுத்த வருடமே விருப்ப ஓய்வு கேட்டுப் போய்விட்டார்.

பொன்னுசாமி வீட்டு வாசலில் அண்ணாமலை உட்கார்ந்திருந்தார். மூன்று நாளாக அவருக்கு அங்கேதான் சாப்பாடு. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார், துக்கம் விசாரிக்க இவ்வளவு தூரம் வந்திருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டார். பொன்னுசாமி வேலைக்குப் போயிருந்தார். அவர் மனைவி வெளியே வந்தார். மெலிந்து, கண்ணெல்லாம் உள்ளே போயிருந்தது, நாலு மாதமாக வேண்டாத மருந்தைத் தின்ற உடம்பு. தனகோடி அம்மா அவரிடம் மெதுவாகச் சொன்னார், உனக்கு அந்த நோய் இல்லை, எப்போதுமே இருந்ததில்லை, இனிமேல் மாத்திரை வேண்டாம் என்று. அந்தப் பெண் சிரித்துவிட்டார். “நாந்தான் அன்னிக்கே சொன்னேனே, எனக்கு இருமலே இல்லன்னு. யாரு கேட்டாங்க” என்றார். மூட்டு வலி, குமட்டல், ஒன்றுக்குப் போனால் செக்கச் செவேலென்று போனது, ஊரில் பாதிப் பேர் வீட்டுப் பக்கமே வராதது எல்லாவற்றையும் சொன்னார். இவர் மனைவி ஒருத்திதான் பயப்படாமல் வந்தாள் என்று அண்ணாமலையைக் காட்டினார். “நான் படுத்துக்கினு கெடப்பேன். அவதான் சாமைக் கஞ்சி காய்ச்சி எடுத்துக்கினு வருவா. இருமிக்கினே வருவா பாவம்.”

சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்தினார். “அப்ப யாருக்குங்க இருந்துது?” என்று கேட்டார்.

தனகோடி அம்மா வாயைத் திறந்தார், நான் கையைக் காட்டி நிறுத்தினேன். நானே சொன்னேன். எண் மாறிவிட்டது, மாற்றி எழுதியது நான், சரிபார்க்க வேண்டியதைச் சரிபார்க்கவில்லை என்று சொன்னேன். பஸ்ஸுக்கு நேரமானதைக்கூடச் சொன்னேன். அண்ணாமலை அட்டையைக் கொண்டுவந்து காட்டினார், நான் நகலைக் காட்டினேன். இரண்டையும் மாறி மாறி ரொம்ப நேரம் பார்த்தார். படிக்கத் தெரிந்தவர்தான், ஆனால் எங்கே மாறியிருக்கிறது என்று அவருக்குப் பிடிபடவில்லை. விரல் வைத்துக் காட்டினேன். ஆறு, மூன்று. மூன்று, ஆறு.

அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்திருக்கலாம். அவர் ஒன்றுதான் கேட்டார்.

“அப்ப அவளுக்கு இருக்குதுன்னு அன்னிக்கே தெரியுமா சார் உங்களுக்கு?”

“தெரியும். எங்க நோட்டுல சரியாத்தான் இருந்துது” என்றேன்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். நான் அழுதுவிட்டேன், அவர்கள் வாசலில் உட்கார்ந்துகொண்டு நான் அழுதது எனக்கே அசிங்கமாக இருந்தது. யாரும் என்னைத் தேற்றவில்லை, தேற்ற வேண்டிய அவசியமும் அவர்களுக்கு இல்லை.

பொன்னுசாமி வீட்டுச் சின்னப்பொண்ணு உள்ளே போய், அந்த வாரத்துக்குக் கொடுத்திருந்த மாத்திரை அட்டையைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். எடுத்துக்கினு போயிடுங்க சார் என்றார். நான் எடுப்பதற்குள் அண்ணாமலை அதைக் கையில் எடுத்தார். ஒரு பக்கம் மூன்று காலியாக இருந்தது, மீதி அப்படியே இருந்தது. திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“கசக்குமா?” என்று அந்தப் பெண்ணைக் கேட்டார். “அவ கசப்புன்னா வாயில வெக்க மாட்டா.”

அந்தப் பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

“கசக்கும்ணா. தண்ணி ஜாஸ்தி வெச்சுக்கினா முழுங்கிடலாம்.”